வயிற்றுப் பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால்: கையெழுத்துக்கு முன் எழுத வேண்டிய இரண்டு ஏடு

ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்று சொல்கிறார்கள். அல்லது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தில் ஓட்டை என்கிறார்கள். காரைக்குடியில் எடுத்த ஸ்கேன் மதுரைக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. அங்கே ஒரு டாக்டர், "வயிற்றில் இருக்கும்போதே ஆபரேஷன் செய்து பார்க்கலாம்" என்கிறார். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள், ஒப்புக்கொள்ளும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும், யார் ஒப்ப வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். கர்ப்பிணிக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசப்போகும் வீட்டாருக்கும், ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கும் இது பயன்படும்.

முதலில் தேதிகள்

ஒரு வெள்ளைத் தாளில் நான்கு தேதிகளை எழுதுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் குறித்த பிரசவத் தேதியை வைத்து எண்ணுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் அளவை வைத்துச் சொல்லும் வாரம் சில நாள் முன்பின்னாக இருக்கும். எழுத வேண்டியவை: இன்று எத்தனை வாரம், 24 வாரம் முடியும் தேதி, 25 வாரம் 6 நாள் ஆகும் தேதி, 37 வாரம் ஆகும் தேதி.

முதுகுத்தண்டு மூடாத பிள்ளைக்குக் கருப்பையைத் திறந்து செய்யும் ஆபரேஷன் 19 வாரம் முடிந்ததிலிருந்து 25 வாரம் 6 நாள் வரைக்கும்தான் ஆய்வு செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் செய்வதாகச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். 24 வாரம் என்பது சட்டத்தின் கணக்கு. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், பிள்ளைக்குப் பெரிய குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தும் போதும். 24 வாரம் தாண்டிவிட்டால் மருத்துவ வாரியம் முடிவு சொல்ல வேண்டும். மனு கிடைத்த 3 நாளுக்குள் வாரியம் பதில் சொல்ல வேண்டும், அனுமதித்தால் மனு கிடைத்த 5 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது விதி. கருக்கலைப்பை இங்கே எழுதுவது அந்தப் பக்கம் தள்ளுவதற்காக இல்லை. இருக்கிற வழிகளில் ஒன்றை மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது, அதனால்தான் எழுதுகிறோம்.

வழிகள் மூன்று: வயிற்றிலேயே ஆபரேஷன், பிள்ளை பிறந்த பின் ஆபரேஷன், கர்ப்பத்தைத் தொடராமல் விடுவது. மூன்றையும் ஒரே அக்கறையோடு சொல்லாத டாக்டரிடம் மூன்றையும் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகுத்தண்டுக் குறைக்கு "இன்றே கையெழுத்து" என்று யாராவது சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடலாம். ஒரு வாரம் யோசிக்க இடம் உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரில் ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாலோ, தாயின் ரத்த வகையும் பிள்ளையின் ரத்த வகையும் ஒத்துப்போகாத ஆர்ஹெச் சேராமையால் பிள்ளைக்கு ரத்தம் வற்றினாலோ அப்படி இல்லை. அங்கே ஒரு நாள் தள்ளுவதுகூட அதிகம். எந்த அவசரம் உண்மை, எது வெறும் அழுத்தம் என்று தெரிந்துகொள்ள, "ஐந்து நாள் தள்ளினால் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாலே போதும்.

இந்த நாட்களுக்குள் முடிக்க வேண்டிய சோதனைகள் உண்டு. கருவியல் (ஃபீட்டல் மெடிசின்) நிபுணர் ஒருவர் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். பிள்ளையின் இதயத்துக்குத் தனி எக்கோ. மூளைக்கும் முதுகுக்கும் எம்ஆர்ஐ. பனிக்குட நீரில் 15 முதல் 20 மில்லி எடுத்து மரபணுச் சோதனை. 13, 18, 21 எண் குரோமோசோம்களுக்கான அவசரச் சோதனை இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். குரோமோசோம்களை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் மைக்ரோஅரே சோதனை வர இரண்டு வாரம் ஆகலாம் என்பதால் முதல் நாளே அனுப்பிவிடுங்கள். மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். நெருங்கிய உறவில் ஒளிந்து வரும் மரபுக் குறைகளுக்குத் தனிச் சோதனை தேவைப்படலாம். வேறு பெரிய குறையும் உள்ள பிள்ளைக்கு ஒரு குறையை மட்டும் தைத்தால் தாயின் வயிற்றைக் கிழித்ததற்குப் பலன் இருக்காது. சோதனைகளுக்கு இத்தனை முக்கியம் தருவதற்குக் காரணம் இதுதான்.

நீர் எடுக்கும் முன் தரும் சம்மதப் படிவம் கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், நகல் அவர் கையில் தர வேண்டும் என்று, பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டமே சொல்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஆபரேஷன் குழுவுக்கும் இதே விதிதான்.

"செய்து பார்ப்பது" எந்தப் படியில் நிற்கிறது

வயிற்றுப் பிள்ளைக்குச் செய்யும் வைத்தியம் எல்லாம் ஒரே தரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்ஹெச் குறையுள்ள பிள்ளைக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி 1963-ல் வயிற்றிலேயே ரத்தம் ஏற்றினார். அது இன்று நிலைபெற்ற வைத்தியம். இரட்டையருக்கு நஞ்சில் உள்ள இணைப்பு ரத்தக்குழாய்களை லேசரால் அடைப்பதும் அப்படித்தான்: 2004-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் லேசர் செய்தவர்களில் 100-க்கு 76 பேருக்கும், நீரை மட்டும் வடித்தவர்களில் 56 பேருக்கும் குறைந்தது ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள் உயிரோடிருந்தது.

கருப்பையைத் திறந்து ஆபரேஷன் செய்யும் வழக்கம் 1981-ல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவோடு தொடங்கியது. அதற்கு முன் ஆடுகளிலும் குரங்குகளிலும் பல ஆண்டு செய்து பார்த்திருந்தார்கள். 1982-ல் அத்துறையினர் கூடிச் சில நிபந்தனைகளை வகுத்தார்கள்: நோய் துல்லியமாகத் தெரிய வேண்டும், வைத்தியம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டும், பிறந்த பின் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் இல்லாமல் இருக்க வேண்டும், விலங்குகளில் பலன் காட்டியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டு கழிந்தும், புதிதாக ஒன்றைச் செய்ய வருபவரிடம் கேட்பதற்கு இதைவிடச் சுருக்கமான நான்கு கேள்விகள் எங்களுக்குத் தெரியாது.

இப்போது ஒரு பாடம். உதரவிதான ஓட்டையால் குடல் நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை நசுக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாயை அடைத்துவைத்தால் நுரையீரல் வளரும் என்று விலங்குச் சோதனைகள் சொல்லின. ஹாரிசனின் குழுவே சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் முறையில் அதைச் சோதித்தது. 24 பேரோடு ஆய்வு நிறுத்தப்பட்டது. 2003-ல் வெளியான முடிவு: அடைத்தவர்களில் 100-க்கு 73 பிள்ளைகளும், பிறந்த பின் வைத்தியம் பார்த்தவர்களில் 77 பிள்ளைகளும் பிழைத்தார்கள். ஆபரேஷனால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. பிறந்த பின் பார்க்கும் வைத்தியமே அந்த இடைவெளியில் நன்றாக முன்னேறியிருந்தது. ஆய்வு நடத்தாமல் "செய்தோம், பிழைத்தது" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டிக்கொண்டே போயிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

மூச்சுக்குழாயை அடைக்கும் அதே முறை பிறகு சிறு பலூனாக, மெலிந்த கருவியோடு, மிகக் கடுமையான நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பி வந்தது. 2021-ல் வெளியான ஆய்வில் கடுமையான வகையில் பலூன் வைத்த 40 பேரில் 16 பிள்ளைகளும், வைக்காத 40 பேரில் 6 பிள்ளைகளும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். நடுத்தர வகையில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே "பலூன் நல்லது" என்ற பேச்சு போதாது. உங்கள் பிள்ளை கடுமையா நடுத்தரமா என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். பலூனை எடுப்பதில் நேர்ந்த கோளாறால் அந்த ஆய்வில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயில் பலூனோடு இருக்கும் பிள்ளை திடீரெனப் பிறந்தால் அதை எடுக்கத் தெரிந்தவர் நடுராத்திரியிலும் அங்கே இருந்தாக வேண்டும்.

முதுகுத்தண்டு ஆபரேஷன் பலன் காட்டியது. கருப்பைக்குள் குழாய் விட்டு அதே தையலைப் போடும் முறைகள், ஸ்டெம் செல் ஒட்டு, சிறுநீரகமே இல்லாத பிள்ளைக்கு நீர் நிரப்புவது ஆகியவை இன்னும் ஆய்வில் இருப்பவை அல்லது ஆதாரம் குறைந்தவை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உலகில் நிலைபெற்ற ஆபரேஷன், அதை முதல்முதலாகச் செய்யும் குழுவின் கையில் திரும்பவும் சோதனைதான். அமெரிக்காவில் முதுகுத்தண்டு ஆய்வு 2003-ல் தொடங்கியபோது மூன்று மையங்கள் மட்டும் செய்தன. நாட்டின் மற்ற மையங்கள் ஆய்வு முடியும்வரை செய்யாமல் ஒதுங்கி நிற்க ஒப்புக்கொண்டன. அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

இரண்டு ஏடு

செட்டிநாட்டில் கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பேரேட்டில் ஒவ்வொரு பேருக்கும் தனிப் பக்கம். ஒருவர் பேரில் விழுந்த பற்றை இன்னொருவர் வரவில் கழித்து எழுதினால் அந்தக் கணக்குப்பிள்ளையை மறுநாள் வைத்திருக்க மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளை ஆபரேஷனில் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. பிள்ளைக்கு வரும் வரவைக் காட்டி, தாயின் உடம்பில் விழும் பற்றை அடித்துவிடுகிறார்கள்.

இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் தாய், இன்னொன்றில் பிள்ளை. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கான கணக்கை இங்கே எழுதிக் காட்டுகிறோம். எண்கள் 2011-ல் வெளியான அந்த அமெரிக்க ஆய்விலிருந்து; அதில் 183 பேர் சேர்க்கப்பட்டார்கள், பலன் தெளிவாகத் தெரிந்ததால் குறித்த எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்தப்பட்டது.

பிள்ளையின் தாள். மூளையில் நீர் கோத்து, அதை வடிக்கும் ஷன்ட் குழாய் தேவைப்பட்டது, வயிற்றிலேயே செய்தவர்களில் 100-க்கு 40 பிள்ளைகளுக்கு, பிறந்த பின் செய்தவர்களில் 82 பிள்ளைகளுக்கு. இரண்டரை வயதில் துணைக்கருவி இல்லாமல் நடந்தது, 42-ம் 21-ம். இது வரவு. பற்று: 37 வாரத்துக்கு முன்பே பிறந்தது 79 பேர், மற்ற குழுவில் 15. 30 வாரத்துக்கும் முன்பே பிறந்தது 13 பேர், மற்ற குழுவில் ஒருவரும் இல்லை. இரு குழுவிலும் இரண்டிரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். 42 என்ற எண்ணைக் கேட்கும்போது, ஆபரேஷன் செய்தும் 58 பேர் தானாக நடக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் படித்துக்கொள்ளுங்கள். "சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லை இந்தத் தாளில் எழுத இடமில்லை.

தாயின் தாள். பனிக்குடம் முன்கூட்டி உடைந்தது 100-க்கு 46 பேருக்கு, மற்ற குழுவில் 8. நுரையீரலில் நீர் கோத்தது 6 பேருக்கு. நஞ்சு முன்பே பிரிந்தது 6 பேருக்கு. பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது 9 பேருக்கு, மற்ற குழுவில் ஒருவருக்கு. மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கருப்பைத் தழும்பு மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. இனி ஆயுசுக்கும் வரும் ஒவ்வொரு பிரசவமும், வலி தொடங்கும் முன்பே, சிசேரியன். வரவுப் பக்கம்? தாயின் உடம்புக்கு வரவு என்று எழுத ஒன்றும் இல்லை.

பிள்ளைக்காகத் தாங்குவதில் ஒரு தாய்க்கு நிறைவு உண்டு, அது பெரிய வரவு என்று சொல்வார்கள். இருக்கலாம். அந்த வரியை அவர் மட்டும்தான் அவர் கையால் எழுத வேண்டும். மாமியாரோ கணவரோ டாக்டரோ அவர் பேரில் அதை எழுதக் கூடாது.

இந்த எண்கள் எல்லோருக்கும் பொருந்தாது. உடல் எடைக் குறியீடு 35-க்கு மேல் இருந்தவர்களையும், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களையும், கருப்பை வாய் குட்டையாக இருந்தவர்களையும், பிள்ளைக்கு வேறு பெரிய குறை இருந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் இந்த எண்களைக் காட்டி ஆபரேஷன் செய்யச் சொன்னால் வேறொருவர் ஜாதகத்தைப் பார்த்து இவருக்குப் பலன் சொல்வது போல.

அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது

கையெழுத்துப் போடுபவர் இதை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். தாய்க்கு முழு மயக்கம்; முதுகிலும் வலி மருந்துக்குக் குழாய். சிசேரியனுக்குப் போல வயிற்றைக் கிழித்துக் கருப்பையை வெளியே எடுத்துவைப்பார்கள். ஸ்கேன் கருவியை அதன் மேலேயே வைத்து நஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு விலகி, ரத்தம் சிந்தாமல் அறுக்கும் ஸ்டேப்ளரால் 6 முதல் 8 செ.மீ. திறப்பார்கள். பிள்ளை வெளியே வருவதில்லை. முதுகு மட்டும் அந்தத் திறப்பின் வாயில் வந்து நிற்கும். ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடிய முதுகு. அதன் தசையில் வலி மருந்தும் அசையாமல் இருக்கும் மருந்தும் ஊசியாகப் போகும். கருப்பை வற்றாமல் இருக்க வெதுவெதுப்பான திரவம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் பிள்ளையின் இதயத்தை ஸ்கேனில் விடாமல் பார்ப்பார். நரம்பு நிபுணர் தண்டுவடத்தை விடுவித்து உள்ளே அமர்த்தி, உறையையும் தோலையும் நீர் புகாமல் தைப்பார். பிறகு கருப்பையில் நீரை நிரப்பி, இரண்டு அடுக்காகத் தைத்து மூடுவார்கள். கருப்பை சுருங்கிப் பிரசவமாகிவிடாமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏறும். உடம்பெல்லாம் கொதிப்பது போலவும் தலை கனப்பது போலவும் இருக்கும் என்பதைத் தாய்க்கு முன்பே சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவில் பிள்ளையின் இதயம் தளர்ந்தால்? கேள்விகளில் மிகக் கடினமானது இது. பதிலை ஆபரேஷன் மேசையில் தேட முடியாது. 24, 25 வாரப் பிள்ளையை உடனே வெளியே எடுத்து என்ஐசியூ என்னும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதா, வயிற்றுக்குள்ளேயே முடிந்ததைச் செய்து அதோடு நிறுத்துவதா? அவ்வளவு சிறிய பிள்ளை, முதுகுத்தண்டுக் குறையோடும் புதுத் தையலோடும். இரண்டு பதிலும் நியாயமானவை. தாயின் பதில் எது என்பதை முந்தின நாளே எழுதி, டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால் தாய்க்கே முதலிடம் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்பது, படிவத்தில் பார்ப்பது

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ஒருவரே எல்லாவற்றையும் விளக்குவது போதாது. அவர் நல்லவராக இருந்தாலும் போதாது. பிறந்த பின் ஆபரேஷன் செய்யும் குழந்தை நரம்பு நிபுணர் ஒருவரையும், இந்தக் குழுவில் இல்லாத மகப்பேறு டாக்டர் ஒருவரையும் தனித்தனியே பாருங்கள். முடிந்தால் முதுகுத்தண்டுக் குறையோடு வளர்ந்த பெரியவர் ஒருவரையும் சந்தியுங்கள். சக்கர நாற்காலியும், நாள்தோறும் குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பதும் சேர்ந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வாழ்பவரே சொல்லட்டும். அதை ஒரு பாவம் போலப் பேசுபவர் சொல்லும் எண்களைச் சந்தேகத்தோடு கேளுங்கள். பயத்தை விற்றால் ஆபரேஷன் தானாக விற்கும்.

குழுவிடம் கேட்க வேண்டியவை இவை. இதே ஆபரேஷனை இதே குழு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது? அதில் எத்தனை பிள்ளைகள் இறந்தார்கள், எத்தனை பேருக்கு 34 வாரத்துக்கு முன் பிரசவமானது, எத்தனை தாய்மாருக்கு மறுபடி வயிறு திறக்க வேண்டி வந்தது? கடைசியாகச் செய்தது எப்போது? "எங்கள் குழு" என்று பதில் வந்தால், அதில் எத்தனை வெளிநாட்டில் பயிற்சியின்போது பார்த்தவை, எத்தனை இங்கே செய்தவை என்று பிரித்துக் கேளுங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அதற்காகவே மறுக்க வேண்டும் என்பதில்லை. அதைச் சொல்லாமல் மறைத்தால் மறுக்க வேண்டும்.

அடுத்து: இது வைத்தியமா, ஆய்வா? ஆய்வு என்றால் அதன் முதல் நோக்கம் விடை தெரிந்துகொள்வது. உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று தேர்ந்தெடுத்து அந்தக் குழுவில் போடமாட்டார்கள். சீட்டு எதில் விழுகிறதோ அதில் போடுவார்கள். அதை ஏற்க முடிந்தால் மட்டும் சேருங்கள். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர். சட்டம் தெரிந்தவரும், மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். குழுவின் தொடர்பு எண் உங்கள் படிவத்திலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டுப் பேசலாம், பேசுவது உங்கள் உரிமை. சிடிஆர்ஐ என்னும் இந்திய ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தது. முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும், தேதியைப் பாருங்கள்.

பணம் ஒரு நல்ல உரைகல். ஆய்வுக்காகச் செய்யும் செலவை ஆய்வில் சேர்ந்தவரிடம் வாங்கக் கூடாது. ஆய்வால் கேடு நேர்ந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு. பல லட்ச ரூபாய் பில் போட்டுக்கொண்டு, ஆதாரம் கேட்டால் "இது புது முறை" என்று சொல்லும் இடத்தில் உங்களுக்கு ஆய்வின் பாதுகாப்பும் இல்லை, வைத்தியத்தின் ஆதாரமும் இல்லை. அங்கே கையெழுத்துப் போடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "இச்செயல்முறையால் தாய்க்குச் சில இடர்கள் நேரக்கூடும், குழந்தைக்குப் பயன் எதிர்பார்க்கப்படுகிறது." இந்த வரியில் கையெழுத்துப் போடுவது வெற்றுத் தாளில் போடுவதற்குச் சமம். கீழே உள்ளது போல எழுதித் தரக் கேளுங்கள்:

"இந்த ஆபரேஷனால் என் உடம்புக்கு நன்மை எதுவும் இல்லை என்று எனக்குச் சொன்னார்கள். இதைச் செய்துகொண்ட 100 தாய்மாரில் ___ பேருக்குப் பனிக்குடம் முன்பே உடைந்தது, ___ பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இனி எனக்கு எல்லாப் பிரசவமும் சிசேரியன்தான். இந்த மருத்துவமனையில் இதுவரை ___ பேருக்குச் செய்திருக்கிறார்கள். அதில் ___ பிள்ளைகள் இறந்தார்கள். பிறந்த பின் ஆபரேஷன் செய்யும் வழியும் எனக்குச் சொல்லப்பட்டது. மயக்க மருந்து கொடுக்கும் வரை எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னாலும் இங்கே எனக்கான பிரசவ வைத்தியம் குறையாது."

கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தில் ஒவ்வொன்றையும் எழுதி, படித்துக் காட்டி, பிறகு ஒப்பமிடும் ஊரில் இது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரியாவது வைத்துப் படியுங்கள்.

வீட்டுக்குள்

பட்டாலையில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கணவர் சிங்கப்பூரிலிருந்து போனில் இருப்பார். அப்பத்தா கண்ணீரோடு, "பிள்ளைக்காக ஒரு கத்தி தாங்க மாட்டியா ஆத்தா?" என்பார். அன்பில் வந்த பேச்சுத்தான். ஆனாலும் கூடத்தில் நாலு பேர் முன் சொன்ன "சரி"யை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். கர்ப்பிணி சொல்லப் பழகிக்கொள்ள ஒரு பதில்: "ரெண்டு கணக்கையும் டாக்டர் சொல்லி முடிக்கட்டும் அப்பத்தா, அப்புறம் நான் சொல்றேன்." அதற்குப் பின் மருத்துவமனையில் ஒரு நர்ஸோ ஆலோசகரோ அவரைத் தனியாக உட்கார வைத்து, வீட்டார் யாரும் இல்லாமல், கால் மணி நேரம் பேச வேண்டும். அவர் தன் வார்த்தையில் இரண்டு தாளையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வராவிட்டால் விளக்கியவர் சரியாக விளக்கவில்லை என்று பொருள். மறுபடி தொடங்க வேண்டும்.

சட்டமும் இதே பக்கம் நிற்கிறது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. சோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்றும் சொன்னது. வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கும் கணவரின் கையெழுத்து தேவையில்லை.

உறவில் யாராவது பெருந்தொகை அனுப்பிவிட்டால் கர்ப்பிணியால் மறுக்க முடியாமல் போய்விடும். அதனால் முடிவு எழுதி முடியும்வரை பணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டுவிட்டோம் என்பதும் இதே போல ஆகிவிடக் கூடாது.

முடிவு எதுவானாலும்

சரி என்றால், ஆபரேஷனிலிருந்து பிரசவம் வரை, அதிகபட்சம் 37 வாரம் வரை, அந்த மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். 23 வாரத்தில் ஆபரேஷன் என்றால் 14 வாரம் வரை வாடகை வீடு. காரைக்குடி சென்னையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பல்லவன் ரயிலில் அரை நாள் ஆகும். பனிக்குடம் உடைந்தால் அந்தத் தொலைவு உயிரை வாங்கிவிடும். வளைகாப்புப் போட்டு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கம் சரியாக இந்த நாட்களில் விழுகிறது. வளையலைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். மூத்த பிள்ளை யாரிடம் இருக்கும், யார் சமைப்பார்கள், கணவருக்கு எத்தனை நாள் விடுப்பு என்பதும் தாயின் தாளில் ஏற வேண்டிய பற்றுகள்.

வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பிரசவத்தைக் குழந்தை நரம்பு நிபுணரும் என்ஐசியூவும் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகைத் தைப்பது பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் நடக்க வேண்டும். பிறந்தவுடன் முதுகுப் பையை உலர விடாமல், உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, பிள்ளையைப் பக்கவாட்டிலோ குப்புறவோ வைக்க வேண்டும் என்று வீட்டார் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டு இடைவெளி கேட்பார்கள். முதுகுத்தண்டுக் குறை ஒரு முறை வந்த தாய் ஃபோலிக் அமிலத்தை நாளுக்கு 4 மில்லிகிராம் அளவில் எடுத்தால் மறுபடி வருவது 100-க்கு 72 பங்கு குறைகிறது என்று 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கடையில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. டாக்டர் எழுதித் தர, கர்ப்பம் தரிக்கும் முன்பே தொடங்கி மூன்றாம் மாதம் முடியும் வரை.

கருப்பையைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒரு அட்டையைத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, பர்ஸில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அதன் நகல் ஊரில் பார்க்கும் டாக்டரிடமும், ஆபரேஷன் குறிப்பின் முழு நகல் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும். அட்டையில் எழுத வேண்டியது: "எனக்கு ___ தேதியில் கருப்பையைத் திறந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்தது. தழும்பு கருப்பையின் மேற்பகுதியில் உள்ளது. எனக்குப் பிரசவ வலி வரக் கூடாது. பிரசவ வலியைத் தூண்டும் ஊசி போடக் கூடாது. வயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் தழும்பு பிரிகிறது என்று எண்ணி உடனே சிசேரியன் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பவும். என் ரத்த வகை ___." ராத்திரி 2 மணிக்கு 108 ஆம்புலன்ஸில் சிவகங்கைக்கோ மதுரைக்கோ போகும்போது, கூட வருபவருக்கு நடந்தது எதுவும் தெரியாவிட்டாலும், ஏற்றிக்கொள்ளும் நர்ஸ் இதைப் படித்துக்கொள்வார்.